எட்மன்சன் சகோதரிகள் சிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில், பொட்டோமாக் ஆற்றோரம், வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா ஊர் இருக்கிறது. அங்கே டியூக் தெருவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்னால் இரண்டு பெண்களின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1848-இல் அடிமைத்தளையிலிருந்து தப்பப் பார்த்த மேரி, எமிலி எட்மன்சன் என்ற அக்கா தங்கை இவர்கள். வாஷிங்டன் சுற்றிப் பார்க்க வருகிற நம்மவர்கள் லிங்கன் நினைவிடம், வெள்ளை மாளிகை என்று பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இதையும் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

சிலையை யார் செய்தது? எப்போது வைத்தார்கள்?

செய்தவர் எரிக் ப்லோம் என்ற இலினாய் மாநிலச் சிற்பி. 2010-இல் திறந்தார்கள். சுமார் 10 அடி உயரம். பாறைக்குள்ளிருந்து இரண்டு பெண்களும் வெளியே வருவதுபோல் வடித்திருக்கிறார். சிலை நிற்கிற சிறு திடலுக்கும் எட்மன்சன் பெயரே. அரசாங்கம் நடுச்சந்தியில் வைத்த சிலை இது இல்லை, அங்கே அலுவலகக் கட்டடம் எழுப்பிய நிறுவனம் தன் இடத்தில் வைத்தது. அதனால்தானோ என்னவோ, மதியம் போனால் சாப்பாட்டுப் பையோடு நடந்து போகிறவர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள்.

இந்த இருவரும் யார்?

மேரிலாந்து மாநிலத்தில் மான்ட்கோமரி கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பிறந்தவர்கள். அப்பா பால் எட்மன்சன் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், சொந்தமாகச் சுமார் 40 ஏக்கர் நிலம் வைத்து விவசாயம் பார்த்தவர். அம்மா அமீலியா அடிமை. அவர் ரெபெக்கா கல்வர் என்ற பெண்மணிக்குச் சொந்தம். ஓரளவு வளர்ந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாஷிங்டன் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் இவர்கள், கூலி போய்ச் சேர்வது கல்வர் வீட்டுக்கு. 1848-இல் மேரிக்கு 15 வயது, எமிலிக்கு 13.

அப்பா சுதந்திர மனிதர், சொந்த நிலம் வேறு. பிள்ளைகள் எப்படி அடிமை?

பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வர்ஜீனியாவில் 1662-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். தெற்கு மாநிலங்கள் முழுக்க அதுதான் நடைமுறை. நம் ஊரில் பிள்ளை யார் பக்கம் என்றால் அப்பா பெயரை முதலில் கேட்பார்கள். அங்கே அப்பா யார் என்ற பேச்சே எழவில்லை. இந்த ஏற்பாட்டில் ஆண்டைக்கு இரட்டை லாபம். அடிமைப் பெண் பெறுகிற ஒவ்வொரு பிள்ளையும் அவன் சொத்துக் கணக்கில் ஏறும். அவனே அந்தப் பெண்ணைக் கெடுத்துப் பிறந்த பிள்ளையாக இருந்தாலும் தகப்பன் என்ற பொறுப்பு வராது.

பால், அமீலியா தம்பதிக்கு 14 பிள்ளைகள் தங்கினார்கள், பிறக்கும்போதே எல்லோரும் அடிமைகள். மூத்த பெண்கள் சிலர் விலை கொடுத்து மீண்டிருந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் சம்பாதித்து இன்னொருவரை வாங்குவது என்பது இந்த வீட்டில் பழகிப்போன விஷயம். பின்னால் வரும் கதைக்கு இது முக்கியம்.

எப்படித் தப்பினார்கள்?

கப்பலில். 1848 ஏப்ரல் 15, சனிக்கிழமை இரவு, வாஷிங்டன் படகுத்துறையிலிருந்து ‘பேர்ல்’ என்ற சின்னப் பாய்மரக் கப்பல் கிளம்பியது. உள்ளே 77 அடிமைகள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகளும் உண்டு. அமெரிக்க வரலாற்றில் அடிமைகள் தப்பிக்கச் செய்த முயற்சிகளில் இவ்வளவு பேர் ஒரே கப்பலில் கிளம்பியது இதுதான் பெரியது என்று சொல்வார்கள். எட்மன்சன் வீட்டிலிருந்து மட்டும் ஆறு பேர்: மேரி, எமிலி, அவர்களுடைய அண்ணன்மார் சாமுவேல், ரிச்சர்ட், எஃப்ராயிம், ஜான்.

கப்பலை வாடகைக்குப் பிடித்தவர் டேனியல் டிரேட்டன் என்ற வெள்ளைக்காரர். கப்பல்காரர் எட்வர்ட் சேயர்ஸ். வடக்கே இருந்த அடிமை ஒழிப்புக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். ஆனால் ஆள் சேர்த்ததும், சேதியை ரகசியமாக வீடு வீடாகக் கொண்டுபோனதும் வாஷிங்டன் கறுப்பினத்தவர்களே. கடற்படைத் தளத்தில் கொல்லராக இருந்த டேனியல் பெல், முன்னாள் ஜனாதிபதி மாடிசனிடம் அடிமையாயிருந்து விடுதலையான பால் ஜென்னிங்ஸ், அண்ணன் சாமுவேல் எட்மன்சன் எல்லோரும் இதில் உண்டு.

அதே வாரம் வெள்ளை மாளிகை எதிரில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. பிரான்ஸில் மன்னராட்சி கவிழ்ந்துவிட்டது என்று தீப்பந்தம் ஏற்றிக் கொண்டாட்டம். உலகமெங்கும் சுதந்திரம் பரவட்டும் என்று செனட்டர்கள் முழங்கினார்கள். அதில் ஒருவரான மிசிசிப்பியின் ஹென்றி ஃபூட் அடிமை முறைக்குக் கொடி பிடித்தவர். கூட்டத்தில் கறுப்பினத்தவர்களும் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

திட்டம் ஏன் தோற்றது?

முதல் காரணம் காற்று. பொட்டோமாக் ஆற்றில் சுமார் 160 கிலோமீட்டர் கீழே போய், செசாபீக் விரிகுடாவில் திரும்பி, மறுபடி வடக்கே 200 கிலோமீட்டர் ஏறினால், அடிமை முறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்குப் போகும் கால்வாய் கிடைக்கும். கிளம்பிய இரவு காற்றே இல்லை. பிறகு காற்று எழுந்தது, ஆனால் விரிகுடா வாசலில் எதிர்த்து அடித்தது. பாய்மரக் கப்பலுக்கு வேறு வழி கிடையாது. ஆறு விரிகுடாவோடு சேரும் பாயிண்ட் லுக்அவுட் பக்கத்தில் ஒதுங்கி நங்கூரம் போட்டார்கள்.

இரண்டாவது, காட்டிக் கொடுத்தது. ஞாயிறு காலை வாஷிங்டனில் பல வீடுகளில் அடுப்புப் பற்ற வைக்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் தேடியவர்களுக்கு ஆற்றைக் காட்டியது ஜட்சன் டிக்ஸ் என்ற கறுப்பின வண்டியோட்டி என்று சொல்லப்படுகிறது. ‘சேலம்’ என்ற நீராவிப் படகில் (நம்ம சேலம் இல்லை) ஆயுதம் ஏந்திய முப்பதுக்கு மேற்பட்டவர்கள் துரத்தினார்கள். நீராவிக்கு எந்தத் திசைக் காற்றும் ஒன்றுதான். திங்கட்கிழமை அதிகாலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது பிடித்துவிட்டார்கள்.

பிடிபட்ட பிறகு?

கப்பலைக் கட்டி இழுத்து வாஷிங்டன் கொண்டுவந்து, தெருவில் ஊர்வலமாகச் சிறைக்கு நடத்திப் போனார்கள். டிரேட்டன்மேல் கத்தி வீசப் பார்த்தது கும்பல். வழியில் ஒருவன் எமிலியிடம், இப்படி ஓடிப்போக வெட்கமாக இல்லையா என்று கேட்டானாம். இல்லை, திரும்பவும் செய்ய நேர்ந்தால் இதையேதான் செய்வேன் என்றாராம் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் பின்னால் இந்தக் குடும்பத்திடமே கேட்டுப் பதிவு செய்தது இது.

ஓடிப்போன அடிமையை ஆண்டைகள் பொதுவாக வைத்துக்கொள்ள மாட்டார்கள், விற்றுவிடுவார்கள். எட்மன்சன் பிள்ளைகள் ஆறு பேரையும் 4,500 டாலருக்கு வாங்கியது ‘ப்ரூயின் அண்ட் ஹில்’ என்ற அலெக்ஸாண்ட்ரியா வியாபார நிறுவனம். ஜோசப் ப்ரூயினின் அடிமைச் சிறை டியூக் தெரு 1707-ஆம் எண் கட்டடம். சிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அதுதான்.

அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் அனுப்பினார்கள் என்கிறார்களே, எதற்கு?

பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தப் பகுதியை எப்படிச் சொல்வது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். இவர்களை வாங்கியது வீட்டு வேலைக்காக இல்லை. மாநிறமான, இளவயதுப் பெண்களை நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் பல மடங்கு விலைக்கு வாங்குவார்கள். வாங்குகிறவர்கள் வசதியான ஆண்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். விற்பனை ரசீதோடு, சட்டம் பார்த்திருக்க நடந்த வியாபாரம் அது.

அங்கே தெருவைப் பார்த்த திறந்த தாழ்வாரத்தில் இருவரையும் நாள் முழுக்க நிற்க வைத்தார்கள், வாங்க வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே. போகிறவன் வருகிறவன் பேசுகிற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஊரில் அவர்களுக்கு ஒரு துணையும் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே விற்கப்பட்டு, உழைத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டு, பீப்பாய் செய்து பிழைத்துவந்த அண்ணன் ஹாமில்டன்.

அப்புறம் ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சரக்கு செத்துவிட்டால் நஷ்டம் என்று வியாபாரிகள் இருவரையும் திரும்ப அலெக்ஸாண்ட்ரியாவுக்கே கொண்டுவந்தார்கள். அங்கே பகலில் துணி துவைக்கும் வேலை, இரவில் பூட்டு.

கடைசியில் எப்படி விடுதலை?

அப்பா வாங்கினார், ஊரார் பணத்தில்.

ப்ரூயின் கேட்ட விலை இருவருக்கும் சேர்த்து 2,250 டாலர். 1848 செப்டம்பர் 5-ஆம் தேதியிட்டு, பால் எட்மன்சன் கையில் அந்த நிறுவனம் ஒரு கடிதம் கொடுத்தது. இவர்தான் தகப்பனார், நல்ல உள்ளம் படைத்தவர்களிடம் பணம் திரட்டப் போகிறார். 15 நாளில் 1,200 டாலர் வந்தால் இன்னும் 25 நாள் பொறுப்போம், அதற்குள் மீதி 1,050 வர வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்களோடு சேர்த்துத் தெற்கே அனுப்பிவிடுவோம் என்பது அதன் சாரம். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது அதில் இருக்கிற மரியாதைதான். திட்டு, மிரட்டல் எதுவும் கிடையாது. தவணை தள்ளிப்போடுகிற வட்டிக்கடைக்காரர் எழுதுகிற நயத்தோடு எழுதியிருக்கிறார்கள். இதுவும் ஒரு நாளைய அலுவல்தான் அவர்களுக்கு.

பால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். தெரியாத ஊர், கறுப்பினக் கிழவர், கதவு கதவாகத் தட்டல். கடைசியில் ப்ரூக்ளின் போதகர் ஹென்றி வார்ட் பீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் தம்பி அவர். அக்டோபரில் நியூயார்க் பிராட்வே டேபர்னக்கிள் அரங்கில் கூட்டம் போட்டு, ஏலக்காரன் மாதிரியே விலை கூவிப் பேசினார் பீச்சர். பணம் சேர்ந்தது. 1848 நவம்பர் 4 அன்று மேரியும் எமிலியும் விடுதலையானார்கள்.

அடிமை வியாபாரிக்குப் பணம் கொடுப்பது அவனை வளர்ப்பது ஆகாதா?

அன்றைக்கே எழுந்த கேள்விதான். அடிமை ஒழிப்புக்காரர்களுக்குள்ளேயே இதில் சண்டை. மனிதனை விலை பேசுவது தவறு என்று மேடையில் பேசிவிட்டு நாமே விலை கொடுக்கலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. அடிமையாயிருந்து தப்பி, அடிமை ஒழிப்பு மேடைகளில் பெயர் பெற்ற பேச்சாளரான ஃபிரெடரிக் டக்ளஸை 1846-இல் அவருடைய பிரிட்டன் நண்பர்கள் விலை கொடுத்து மீட்டபோதும் இதே விமர்சனம் வந்தது. ப்ரூயினும் இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) வரை அதே இடத்தில் வியாபாரம் நடத்தினார் என்பது உண்மை.

என் பக்கம் கேட்டால், கொள்கை சரியா என்று தீர்ப்பு சொல்கிற இடம் பால் எட்மன்சனின் இடம் இல்லை. 40 நாள் கெடு அவர் கையில் இருந்தது.

அப்படியானால் ‘தப்பிய பெண்கள்’ என்று சொல்வது சரியா? பிடிபட்டுவிட்டார்களே.

நியாயமான கேள்வி. கண்டிப்பாகப் பார்த்தால் அவர்கள் தப்பவில்லை. தப்ப முயன்றார்கள், பிடிபட்டார்கள், விற்கப்பட்டார்கள், மீட்கப்பட்டார்கள். சிலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு, பாறையைப் பிளந்துகொண்டு இருவரும் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள் என்று தோன்றலாம். அது பாதிக் கதை. மற்ற பாதி அப்பாவின் அலைச்சல், அக்காக்களின் சேமிப்பு, நியூ ஆர்லியன்ஸில் பீப்பாய் செய்த அண்ணன். இருவரை நிறுத்தியதற்குப் பதில் ஒரு குடும்பத்தையே நிறுத்தியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் கப்பலில் ஏறியது அவர்கள் முடிவு. அவர்கள் ஓடியிராவிட்டால் அந்த ஆண்டு விற்கப்பட்டிருக்க மாட்டார்கள், விடுதலையும் ஆகியிருக்க மாட்டார்கள்.

77 பேரில் ஏன் இவர்கள் இருவருக்கு மட்டும் சிலை?

சங்கடமான பதில்தான். இவர்கள் இளம்பெண்கள், பார்க்க லட்சணமானவர்கள், மாநிறம், மெதடிஸ்ட் சபையில் பக்தியான குடும்பம். இப்படிப்பட்ட பெண்கள் நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குப் போகப்போகிறார்கள் என்றதும் நியூயார்க் வெள்ளைக்காரர்களின் மனம் இளகியது. வியாபாரி அதிக விலை வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். நடுவயது ஆண் ஒருவரோ, நான்கு பிள்ளைக்காரி ஒருத்தியோ மேடையில் நின்றிருந்தால் அரங்கு அப்படி நிறைந்திருக்குமா என்பது சந்தேகம்.

மற்றவர்களில் பெரும்பாலானோர் தெற்கே விற்கப்பட்டார்கள். கொல்லர் டேனியல் பெல்லின் மனைவி மேரி பெல்லும் பிள்ளைகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். மனைவியையும் கடைசிப் பிள்ளையையும் மட்டுமே அவரால் மீட்க முடிந்தது. டாலி மாடிசன், முன்னாள் ஜனாதிபதியின் விதவை, விற்கப் பார்த்த எலன் ஸ்டூவர்ட் என்ற பதினைந்து வயதுப் பெண்ணும் பேர்லில் ஏறியிருந்தார். அவரையும் பிறகு பணம் திரட்டித்தான் மீட்டார்கள். அடுத்த சிலை என்று ஒன்று வந்தால் என் ஓட்டு மேரி பெல்லுக்கு.

கப்பல்காரர்கள் என்ன ஆனார்கள்?

டிரேட்டனும் சேயர்ஸும் நான்கு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். 1852-இல் ஜனாதிபதி ஃபில்மோர் மன்னித்து விடுவித்தார். உடல் நொடிந்துபோன டிரேட்டன் 1857-இல் தற்கொலை செய்துகொண்டார்.

விடுதலைக்குப் பிறகு சகோதரிகள் என்ன செய்தார்கள்?

படித்தார்கள். கூட்டங்களுக்குப் போனார்கள். 1850 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் காசனோவியா ஊரில், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை எதிர்த்து ஒரு மாநாடு நடந்தது. சர்ச்சில் கூட்டம் கொள்ளாமல் ஆப்பிள் தோப்புக்கு மாற்றினார்கள். அங்கே எஸ்ரா வெல்ட் எடுத்த ஒரு பழைய புகைப்படம் இன்றும் இருக்கிறது. மேசையருகே டக்ளஸ் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் கட்டம் போட்ட சால்வையும் தொப்பியுமாக இரண்டு பெண்கள். அக்காவும் தங்கையும்தான். சிலைக்குப் போகும் முன் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெண்கலத்தைவிட இதில் அவர்கள் இன்னும் சின்னப் பெண்களாக, கொஞ்சம் மிரண்டும் தெரிவார்கள்.

பிறகு ஸ்டோவின் உதவியோடு ஒஹையோவில் ஓபர்லின் கல்லூரிக்குப் படிக்கப் போனார்கள். மேரி அங்கேயே 1853-இல் காசநோயில் இறந்தார். வயது 20.

எமிலி வாஷிங்டன் திரும்பி, கறுப்பினப் பெண்களை ஆசிரியைகளாக்க மிர்ட்டிலா மைனர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி நடத்திய பள்ளியில் சேர்ந்தார். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பள்ளி ஆகவில்லை. கல்லெறி, தீ வைப்போம் என்ற மிரட்டல் எல்லாம் உண்டு. மைனரும் எமிலியும் பள்ளி வளாகத்தில் கைத்துப்பாக்கி சுடப் பழகினார்கள், வெளியே இருப்பவர்கள் பார்க்கும்படியாகவே. 1860-இல் லார்கின் ஜான்சன் என்பவரை மணந்து, சில ஆண்டுகள் மேரிலாந்தில் சாண்டி ஸ்பிரிங்கில் இருந்தார், பிறகு வாஷிங்டனின் அனகோஸ்டியாவில் டக்ளஸ் குடும்பத்துக்குப் பக்கத்தில் குடியேறினார். 1895-இல் இறந்தார். டக்ளஸ் இறந்ததும் அதே வருடம்.

ஸ்டோவ் என்றால் ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதியவர்தானே?

அவரேதான். நாவல் 1852-இல் புத்தகமாக வந்ததும் எல்லாம் கட்டுக்கதை என்று தெற்கே கூச்சல் எழுந்தது. அதற்குப் பதிலாக 1853-இல் ஆதாரங்களைத் திரட்டி ஒரு புத்தகம் போட்டார். எட்மன்சன் குடும்பத்தின் கதையும் ப்ரூயின் கடிதமும் அதில்தான் முழுசாக இருக்கின்றன.

வாஷிங்டனில் நடந்த கதைக்கு அலெக்ஸாண்ட்ரியாவில் ஏன் சிலை?

விற்பனை நடந்த இடம் இது. முன்பு அலெக்ஸாண்ட்ரியாவும் தலைநகர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1847-இல் வர்ஜீனியாவோடு திரும்பச் சேர்ந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, 1850-இல், தலைநகருக்குள் அடிமை வியாபாரம் கூடாது என்று நாடாளுமன்றம் தடை போட்டது. பேர்ல் கப்பல் விவகாரம் கிளப்பிய பரபரப்புக்கும் அதில் பங்கு உண்டு. தடை வந்ததும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டியூக் தெருவில் வியாபாரம் தடையில்லாமல் நடந்தது.

நேரில் போக என்ன வழி? கட்டணம் உண்டா?

கிங் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். திறந்தவெளி, கட்டணம் கிடையாது. ப்ரூயினின் செங்கல் கட்டடம் அருங்காட்சியகம் ஆகவில்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். உள்நாட்டுப் போரின்போது வடக்கு மாநிலங்களின் ஒன்றியப் படை அதைப் பறித்துக்கொண்டு கவுண்டி நீதிமன்றமாக வைத்திருந்தது. ப்ரூயினுக்குக் கிடைத்தது வாஷிங்டன் சிறை.

அதே தெருவில் ஆற்றுப் பக்கமாக நடந்தால் 1315-ஆம் எண்ணில் ஃப்ரீடம் ஹவுஸ் அருங்காட்சியகம் வரும். நாட்டிலேயே மிகப் பெரிய அடிமை வியாபார நிறுவனங்களில் ஒன்றான ‘ஃபிராங்க்லின் அண்ட் ஆர்ம்ஃபீல்ட்’ 1828 முதல் இருந்த வீடு. 2020-இல் நகராட்சி வாங்கி, 2022-இல் புதுப்பித்துத் திறந்தது. எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் சிலைக்கு வருவது நல்லது என்பேன். இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடைகூட இருக்காது.